குழாய் நேராகத்தான் கிடக்கிறது, படம் ஏன் நெளிகிறது?

கேள்வி இதுதான்: இரு பக்கமும் ஒலி அனுப்பி எதிரொலியால் கடலடியைப் படமாக்கும் சைட்ஸ்கேன் சோனாரில் எடுத்த படத்தில் கடலடிக் குழாய் பாம்பு மாதிரி நெளிந்து தெரிகிறது, தூரத்தில் இருப்பவை மங்கலாக இருக்கின்றன, விலை கூடிய அசைவு உணரி (ஐஎம்யூ) வாங்கிப் போட்ட பிறகும் பெரிய மாற்றம் இல்லை. மென்பொருளில் சரிசெய்ய முடியுமா? பல எதிரொலிகளைச் சேர்த்துக் கூர்மையாக்கும் சிந்தெடிக் அபர்ச்சர் சோனார் வைத்திருப்பவர்கள் மட்டும் எப்படி சென்டிமீட்டர் கணக்கில் படம் எடுக்கிறார்கள்?

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நெளிவை அநேகமாக முழுதாக நேராக்கிவிடலாம். மங்கலில் ஒரு பங்கை மீட்கலாம், இன்னொரு பங்கு போனது போனதுதான், எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது. புது ஐஎம்யூ பலன் தராததற்குக் காரணம் அதன் துல்லியம் போதவில்லை என்பது அல்ல, அது சொல்வதும் சோனார் சொல்வதும் ஒரே கணத்தைப் பற்றியவையாக இல்லை என்பதுதான் என் சந்தேகம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்ல, கொஞ்சம் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

எல்லாத் தொல்லைக்கும் வேர், ஒலி மெதுவாகப் போவது. கடல்நீரில் விநாடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர். காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல்தான், ஆனால் ரேடார் அலையின் வேகத்தோடு வைத்துப் பார்த்தால் 2 லட்சம் மடங்கு குறைவு. பக்கத்துக்கு 100 மீட்டர் தூரம் வைத்து ஓட்டினால் ஒலி போய்த் திரும்ப 200 மீட்டர், அதற்கு 133 மில்லிவிநாடி. அது திரும்பி வரும்வரை அடுத்த ஒலித்துடிப்பை, அதாவது அடுத்த பிங்கை, அனுப்ப முடியாது, ஆக விநாடிக்கு ஏழரை பிங். படகு நான்கு நாட் வேகத்தில், அதாவது விநாடிக்கு சுமார் 2 மீட்டரில் போனால், ஒரு பிங்குக்கும் அடுத்ததற்கும் இடையில் 27 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பிங்குக்கு ஒரு வரியாக ஆயிரம் வரி கொண்ட ஒரு படம் சேர இரண்டே கால் நிமிடம் ஆகும். கேமராவில் எடுப்பது போல ஒரே கணத்தில் பிடித்தது அல்ல அது. இரண்டே கால் நிமிடத்தில் வரி வரியாகச் சேர்த்து ஒட்டியது. அந்த நேரம் முழுக்க டோஃபிஷ், அதாவது சோனாரைச் சுமந்து நீருக்குள் இழுபடும் கருவி, கேபிளின் நுனியில் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. மேலே கப்பல் ஒவ்வோர் அலைக்கும் ஏறி இறங்கும்போது கேபிள் அதைச் சுண்டி இழுக்கும்.

ஆட்டம் படத்தை இரண்டு விதமாகக் கெடுக்கிறது. இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம். ஒன்று, இடம் மாறிப் போவது: எதிரொலி நன்றாகவே வந்தது, ஆனால் அதைப் படத்தில் தவறான இடத்தில் வைத்துவிட்டோம். உங்கள் குழாய் நெளிவது இந்த வகை. அசைவு தெரிந்தால் ஒவ்வொரு வரியையும் எடுத்து உரிய இடத்தில் வைத்துவிடலாம். இரண்டாவது, எதிரொலியே சரியாக வராமல் போவது, அல்லது பல பிங்குகளைச் சேர்த்துக் கூர்மையாக்கும் முறையில் அவை ஒன்றோடொன்று பொருந்தாமல் போவது. இது வேறு நோய், இதற்கு மருந்தும் வேறு.

எந்த அசைவு கெடுத்தது என்பதைப் படமே சொல்லும். அசைவுப் பதிவைத் திறப்பதற்கு முன் படத்தைத்தான் நான் உட்கார்ந்து பார்ப்பேன். மூக்கு இடவலமாகத் திரும்பும் யா அசைவு தூரத்தோடு வளரும்: ஒரு டிகிரி திரும்பினால் 20 மீட்டரில் 35 சென்டிமீட்டர்தான், 100 மீட்டரில் 1.75 மீட்டர். உயரக் கணக்கில் வரும் பிழை நேர்மாறு. சாய்ந்த தூரத்தைத் தரைத் தூரமாக மாற்றும்போது அது நுழைகிறது, டோஃபிஷுக்கு நேர் கீழே ஓடும் நடுக்கோட்டருகே பெரிதாகவும் தூரத்தில் சிறிதாகவும் இருக்கும். டோஃபிஷ் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், உயரத்தில் அரை மீட்டர் தவறு 10 மீட்டர் தள்ளி இருக்கும் பொருளை ஏறக்குறைய அரை மீட்டர் நகர்த்தும், 80 மீட்டர் தள்ளி இருப்பதை 6 சென்டிமீட்டர்தான் நகர்த்தும். பக்கவாட்டில் நகரும் ஸ்வே எல்லாத் தூரத்திலும் ஒரே அளவு தள்ளும். பிட்ச், அதாவது மூக்கு மேலும் கீழும் சாய்வது, வரி முழுவதையும் முன்னாலோ பின்னாலோ ஒரே அளவு தள்ளும். 10 மீட்டர் உயரத்தில் 3 டிகிரிக்கு அரை மீட்டர். வேகம் கூடிக் குறைந்தால் வட்டமான டயர் நீள்வட்டமாகும். ரோல், அதாவது இடவலமாகச் சாய்ந்து உருள்வது, சைட்ஸ்கேனில் பெரிதாக இடத்தை மாற்றாது, ஏனென்றால் ஒலிக்கற்றை செங்குத்தாக 40, 50 டிகிரி அகலம். ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டுமாக மாறி மாறி வருவதில்தான் அது தெரியும்.

இதை வைத்து உடனே ஒரு சோதனை செய்யலாம். உங்கள் தடத்துக்கு இணையாகக் கிடக்கும் கோடு ஒன்று நெளிந்தால் யா மேல் பழி போடாதீர்கள். 3 டிகிரி திரும்பினாலும் 80 மீட்டரில் இணைகோட்டுக்கான தூரம் 11 சென்டிமீட்டர்தான் கூடும். அங்கே குற்றவாளி ஸ்வே, இல்லையென்றால் உயரம். குறுக்குச் சாய்வாகக் கடக்கும் கோடு நெளிந்தால், அதுவும் நடுக்கோட்டருகே நேராக இருந்து தூரம் போகப் போக நெளிவு கூடினால், அது யா.

எனக்கு இது புரிந்தது ஒரு குழாயில்தான். ஏறக்குறைய 45 டிகிரியில் தடத்தைக் கடந்த குழாய். நடுக்கோட்டிலிருந்து 80 மீட்டர் வரை அதைத் தொடரும்போது ஆறேழு நெளிவு, கடைசி நெளிவு இரு பக்கமும் 4 மீட்டர் அளவு. யா பதிவைப் பார்த்தால் 3 டிகிரி வீச்சு, 6 விநாடிக்கு ஒரு ஆட்டம். 80 மீட்டரில் 3 டிகிரி என்றால் 4.2 மீட்டர், கணக்கு அப்படியே பொருந்துகிறது. சரி, திருத்தம் போட்டால் நேராகிவிடும் என்று ஒவ்வொரு பிங்கையும் அதன் உண்மையான திசையில் வைத்து வரைந்தேன். நெளிவு பாதிக்கு மேல் குறைந்தது, ஆனால் போகவில்லை. 1.7 மீட்டர் மிச்சம் நின்றது. உணரியைத் திரும்ப அளவுத்திருத்தம் செய்தேன், பொருத்திய கோணத்தைச் சந்தேகித்தேன், மூன்று நாள் அதிலேயே போனது.

கடைசியில் மிச்ச நெளிவையும் யா பதிவையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்த்தபோதுதான் விஷயம் கண்ணில் பட்டது. மிச்ச நெளிவின் உச்சி யா அலையின் உச்சியில் இல்லை. யா பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில், அதாவது திருப்பம் மிக வேகமாக இருக்கும் இடத்தில் இருந்தது. கால் சுற்று தள்ளி நிற்கிறது. உணரி குறைவாகவோ கூடுதலாகவோ காட்டியிருந்தால் மிச்சம் அசல் அலையோடு சேர்ந்தே ஏறி இறங்கியிருக்கும். கால் சுற்று தள்ளி இருந்தால் அது காலதாமதம், வேறு எதுவும் இல்லை. பதிவை 0.05 விநாடிப் படிகளாக முன்னும் பின்னும் நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் குழாய் எவ்வளவு நேராகிறது என்று பார்த்தேன். 0.4 விநாடியில் குழாய் அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி ஆனது. டோஃபிஷில் இருந்த திசைகாட்டி விநாடிக்குப் பத்து அளவீடு அனுப்பிக்கொண்டிருந்தது, ஆனால் ஒவ்வொன்றும் கடைசி ஒன்பது அளவீடுகளின் சராசரி. நடு அளவீடு நான்கு படி பழையது, அதுதான் அந்த 0.4 விநாடி. இரைச்சல் குறையட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் போட்டு வைத்த அமைப்பு. 6 விநாடி ஆட்டத்தில் 0.4 விநாடி தாமதம் 1.25 டிகிரிப் பிழை தரும்.

உங்கள் நிலைமையும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். புது ஐஎம்யூவின் துல்லியம் நூறில் ஒரு டிகிரியாக இருக்கலாம், ஆனால் அதன் தரவு சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு வந்து சேர்ந்த பிறகு கணினியின் கடிகாரத்தில் நேரம் பதிகிறது என்றால், அந்தத் துல்லியம் வீண். அதுவும் தாமதம் நிலையாக இருந்தால் கண்டுபிடித்துக் கழித்துவிடலாம், கணினி வேறு வேலையில் மூழ்கும்போது 50 மில்லிவிநாடி, 200 மில்லிவிநாடி என்று தாவினால் அதுவும் முடியாது. நேரத்தை உணரியின் உள்ளேயே பதிய வையுங்கள். ஜிபிஎஸ் கருவியிலிருந்து விநாடிக்கு ஒரு துடிப்பாக வரும் பிபிஎஸ் சமிக்ஞையைச் சோனாருக்கும் ஐஎம்யூவுக்கும் இரண்டுக்குமே கொடுங்கள். உணரியின் உள்ளே சராசரி, வடிகட்டி என்று என்ன போட்டிருந்தாலும் அணைத்துவிட்டு, மென்மையாக்குவது வேண்டுமானால் பிறகு செயலாக்கத்தில் செய்யுங்கள். அங்கே முன்னும் பின்னும் சமமாகச் சராசரி எடுக்கலாம், தாமதம் வராது.

இனி மீட்க முடியாத பங்கு. அதே 3 டிகிரி, 6 விநாடி ஆட்டத்தில் மூக்கு மிக வேகமாகத் திரும்பும்போது விநாடிக்கு 3.1 டிகிரி. 100 மீட்டரிலிருந்து ஒலி திரும்பும் 133 மில்லிவிநாடிக்குள் டோஃபிஷ் 0.42 டிகிரி திரும்பிவிடும். 450 கிலோஹெர்ட்ஸில் ஒலியை அனுப்பிப் பெறும் அரை மீட்டர் நீள டிரான்ஸ்டியூசரின் கற்றை அகலமே ஏறக்குறைய 0.4 டிகிரிதான். அதாவது ஒலியை அனுப்பிய திசை ஒன்று, எதிரொலி வரும்போது காது திரும்பியிருக்கும் திசை இன்னொன்று. திரும்பக் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக விழுந்துவிடும். படத்தில் தூரப்பகுதியில் மட்டும், அலையின் கதியில், குறுக்கே இருண்ட பட்டைகளாக வரும். பட்டைகளை நீக்கும் வடிகட்டி போட்டு அந்த இருட்டைப் பிரகாசமாக்கலாம்தான், ஆனால் இரைச்சலும் கூடவே பிரகாசமாகும், அங்கே இருந்த சிறு கல் திரும்ப வராது.

இன்னொன்று இடைவெளி. மூக்கு ஒரு பக்கம் திரும்பும்போது ஒரு பக்கக் கற்றை முன்னோக்கி வீசும், மறுபக்கக் கற்றை பின்னோக்கிப் போகும். மேலே சொன்ன கணக்கில் 100 மீட்டரில் பிங்குக்குப் பிங் இடைவெளி ஒரு பக்கம் ஒரு மீட்டர் ஆகிவிடும், மறுபக்கம் கற்றை ஏற்கெனவே பார்த்த இடத்துக்கே அரை மீட்டர் அளவு திரும்பிப் போகும். கற்றையின் அகலம் அந்தத் தூரத்தில் 70 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக ஒரு பக்கம் யாருமே பார்க்காத கீற்றுகள் விழுகின்றன. திருத்தம் செய்த படத்தில் மென்பொருள் அந்த ஓட்டைகளை இடைக்கணிப்பால் நிரப்பிவிடும், பார்க்க அழகாகவும் இருக்கும். தயவுசெய்து நிரப்பிய இடங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். காணாமல் போன பொருளைத் தேடும் வேலையில் 'அங்கே ஒன்றும் இல்லை' என்பதும் 'அங்கே பார்க்கவில்லை' என்பதும் ஒன்றல்ல.

அதனால்தான் ஆட்டத்தைத் திருத்துவதைவிட ஆடாமல் பார்த்துக்கொள்வது மேல் என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். கேபிளில் முன்னால் ஒரு பாரமான எடையைத் தொங்கவிட்டு, அதிலிருந்து நீர்மிதப்பான தனி இழை ஒன்றில் டோஃபிஷை இழுத்தால் கப்பலின் ஏற்ற இறக்கம் எடையோடு பெருமளவு நின்றுவிடும். காற்றும் அலையும் எதிர்ப்படும் திசையைப் பார்த்துத் தடத்தின் போக்கை மாற்றலாம். முடிந்தால் படகிலிருந்து இழுப்பதையே விட்டுவிட்டு, தானே ஓடும் நீரடி ஊர்தியில் பொருத்தலாம். அண்டார்டிக் பயணி ஷாக்கில்டனின் மூழ்கிய எண்டூரன்ஸ் கப்பலை 2022 மார்ச்சில் வெட்டெல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தது சேபர்டூத் என்ற நீரடி ஊர்தி. மேலே பனிக்கட்டி, கீழே தரையை ஒட்டி நிதானமாக ஓடிய ஊர்தி. அதில் இருந்ததும் சைட்ஸ்கேன்தான்.

பல கற்றைகளால் கடலின் ஆழத்தை அளக்கும் மல்டிபீம் சோனார் பற்றிச் சுருக்கமாக. அங்கே ரோல்தான் கொடியது. 50 மீட்டர் ஆழத்தில், செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்த கற்றைக்கு 0.1 டிகிரி ரோல் பிழை 15 சென்டிமீட்டர் ஆழப் பிழையாகும். படகு 8 விநாடிக்கு ஒருமுறை 10 டிகிரி ஆடினால் வெறும் 10 மில்லிவிநாடி தாமதமே 0.08 டிகிரிக்குச் சமம். தரை கார்டுராய் துணி மாதிரி வரிவரியாகத் தெரிந்தால் அது இந்த வகை. ஓரங்கள் இரண்டும் ஒரே மாதிரி மேலே வளைந்தோ கீழே வளைந்தோ, பிங்குக்குப் பிங் மாறாமல் நின்றால் அது அசைவே அல்ல, நீரில் ஆழத்துக்கு ஆழம் ஒலிவேகம் எவ்வளவு என்ற பதிவு பழசாகிவிட்டது. புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். இதைத் தெரியாமல் ரோல் எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு நாளைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சிந்தெடிக் அபர்ச்சர் சோனார். சாதாரண சைட்ஸ்கேனில் கற்றை தூரத்தோடு விரிகிறது, அதனால் 100 மீட்டரில் 67 சென்டிமீட்டர் அகலப் பொட்டு. டிரான்ஸ்டியூசரை நீளமாக்கினால் கூர்மையாகும், ஆனால் 30 மீட்டர் நீளத்தில் ஒன்றை யார் இழுப்பது? ஊர்தி நகரும் பாதையையே அந்த 30 மீட்டர் நீள டிரான்ஸ்டியூசராக ஆக்கிவிடலாம் என்பதுதான் யோசனை. ரேடாரில் இதை 1951-இல் கார்ல் வைலி முன்வைத்தார். அழகான விஷயம் என்னவென்றால், முழுதாகச் செய்தால் பாதை நெடுகிலும் கிடைக்கும் கூர்மை தூரத்தையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது அல்ல, டிரான்ஸ்டியூசர் உறுப்பின் நீளத்தில் பாதி. 7.5 சென்டிமீட்டர் உறுப்பு என்றால் 3.75 சென்டிமீட்டர், அது 50 மீட்டரானாலும் 150 மீட்டரானாலும் ஒன்றுதான்.

இதற்கு அசைவு விஷயத்தில் கொடுக்கும் விலை மிகப் பெரியது. 100 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 15 மில்லிமீட்டர். பிங்குகள் ஒன்றோடொன்று கட்டத்தில், அதாவது அலையின் ஏற்ற இறக்கம் ஒத்துப்போகும்படி, பொருந்த வேண்டுமானால் ஊர்தி எங்கே இருந்தது என்பது அலைநீளத்தில் பதினாறில் ஒரு பங்குக்குள், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்குள் தெரிய வேண்டும். 150 மீட்டரில் 30 மீட்டர் பாதை, விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் 15 விநாடி. பதினைந்து விநாடி நேரம் நீருக்குள் நீந்தும் ஓர் இயந்திரத்தின் பாதையை ஒரு மில்லிமீட்டருக்குச் சொல்ல வேண்டும். நல்ல டாப்ளர் வேகமானியின் பிழை 0.2 சதவீதம் என்று வைத்தாலே விநாடிக்கு 4 மில்லிமீட்டர், 15 விநாடியில் 6 சென்டிமீட்டர் ஆகிவிடும். உணரி மட்டும் வைத்து இது ஆகாது.

ஆனால் எல்லாப் பிழையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை, இதைப் புரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். ஊர்தி பக்கவாட்டில் மெதுவாக, சீராக விலகினால் அது நேர்கோட்டுப் பிழை. படம் மொத்தமாகக் கொஞ்சம் தள்ளிப் போகும், கூர்மை கெடாது. பாதை வில் மாதிரி வளைந்தது நமக்குத் தெரியாமல் போனால் புள்ளி தடித்து மங்கும். அலையாட்டம் மாதிரி திரும்பத் திரும்ப வரும் பிழை ஒவ்வொரு பிரகாசப் புள்ளிக்கும் இரு பக்கமும் பேய் மாதிரி நகல் புள்ளிகளை உண்டாக்கும். தாறுமாறான பிழை புள்ளியை மங்கவைக்காது, சுற்றிலும் சாம்பல் தூவி நிழலின் கருமையைக் கெடுக்கும். ஆக ஒரு தனிக் கல்லைப் பெரிதாக்கிப் பார்த்தாலே எந்தப் பிழை என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மில்லிமீட்டரை எங்கிருந்து எடுக்கிறார்கள்? எதிரொலியிலிருந்தே. ஒரே உறுப்பு இல்லாமல், வரிசையாகப் பல பெறும் உறுப்புகள் வைத்திருப்பார்கள். அனுப்பும் உறுப்புக்கும் பெறும் உறுப்புக்கும் நடுப்புள்ளியைத்தான் பார்வை மையமாகக் கொள்ள வேண்டும். இந்த பிங்கில் முன்வரிசை உறுப்புகளின் மையங்கள் இருந்த அதே இடத்துக்கு, ஊர்தி நகர்ந்ததால், அடுத்த பிங்கில் பின்வரிசை மையங்கள் வந்து உட்காரும். ஒரே இடத்திலிருந்து ஒரே தரையை இரண்டு தடவை பார்த்தால் எதிரொலி இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். படத்தில் மணல்தரையில் தெரியும் பொடிப்பொடியான புள்ளிக் குருணை கூட அப்படியே திரும்ப வரும். இரண்டையும் வைத்து ஒப்பிட்டு எவ்வளவு நேரம் தள்ளியிருக்கிறது என்று பார்த்தால், ஊர்தி பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தது என்பது மில்லிமீட்டருக்கும் கீழே தெரிந்துவிடும். இடம்பெயர்ந்த கட்டமையம் என்ற முறை இது, டிபிசிஏ என்பார்கள். இதன் துல்லியம் எதுவரை போகும் என்பதைப் பெல்லெட்டினி, பின்டோ என்ற ஆய்வாளர்கள் 2002-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதில் முக்கியமானது: பக்க நகர்வை எதிரொலியிலிருந்து எடுங்கள், திருப்பத்தை மட்டும் அதை அளக்கும் உணரியான நல்ல கைரோவிடமிருந்து எடுங்கள். எதிரொலியிலிருந்தே திருப்பத்தையும் எடுத்தால் ஒவ்வொரு பிங்கிலும் விழும் துளிப் பிழை அடுத்தடுத்துக் கூடிப் பாதையையே வளைத்துவிடும்.

இதற்காக உறுப்புகளின் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும், அதனால் வேகம் குறையும். உறுப்பு வரிசையின் மொத்த நீளம் 1.2 மீட்டர் என்றால், படிவே இல்லாமல் வேகத்தையும் தூரத்தையும் பெருக்கி வருவது 450-ஐத் தாண்டக் கூடாது. விநாடிக்கு 2 மீட்டரில் 225 மீட்டர். படிவுக்கு இடம் விட்டால் 180, 200 என்று இறங்கும். ஹுகின் என்ற நீரடி ஊர்திகளில் வரும் ஹைசாஸ் 1030 மாதிரியான சிந்தெடிக் அபர்ச்சர் கருவிகள் 60 முதல் 120 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் இந்த அளவுகளில்தான் வேலை செய்கின்றன.

அப்புறம் ஆட்டோஃபோகஸ். எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகும் கொஞ்சம் மங்கல் இருந்தால், படத்தைப் பார்த்தே மிச்சக் கட்டப் பிழையை ஊகிக்கும் முறை. ரேடாரிலிருந்து வந்த கட்டச் சரிவு ஆட்டோஃபோகஸ் என்ற முறைதான் பலரும் கையாள்வது: ஒவ்வொரு தூர வரியிலும் மிகப் பிரகாசமான புள்ளியை எடுத்து நடுவில் வைத்து, சுற்றி இருப்பதை வெட்டிவிட்டு, அந்தப் புள்ளிகளுக்கெல்லாம் பொதுவாக இருக்கும் கட்டப் பிழையைக் கணித்துக் கழித்து, திரும்பத் திரும்பச் செய்வார்கள். தரையில் தனித்தனிக் கற்கள் இருந்தால் அற்புதமாக வேலை செய்யும். வெறும் மணல், அல்லது ஒழுங்கான மணல் அலைகள் மட்டும் இருந்தால் பிடிமானம் இல்லாமல் தடுமாறி, இல்லாத புள்ளிகளைக் கூர்மையாக்கிக் காட்டும். ஆகவே அதைக் கடைசிப் படியாக மட்டும் வையுங்கள். அது கணித்த பிழை ஒரு சில மில்லிமீட்டரைத் தாண்டினால் முந்தைய படியில் ஏதோ தவறு என்று எடுத்துக்கொண்டு அங்கே திரும்பிப் போங்கள்.

அசைவு மாதிரியே தெரிந்து ஏமாற்றும் ஒன்று இங்கேயும் உண்டு, அது ஒலிவேகம். 1500 என்று வைத்து உண்மையில் 1510 இருந்தால், மேலே சொன்ன 30 மீட்டர் பாதையில், 150 மீட்டரில், எதிரொலியின் வளைவு கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் விலகும். அலைநீளமே 1.5 சென்டிமீட்டர்தான்! படம் முழுக்க மங்கிவிடும், அசைவைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள். தூரம் மாற மாற மங்கல் சீராக மாறினால், ஆனால் பாதை நெடுக ஒரே மாதிரி இருந்தால், முதலில் ஒலிவேகத்தைப் பாருங்கள். வெப்பநிலை மூன்று நான்கு டிகிரி மாறினாலே அந்த 10 மீட்டர் வந்துவிடும்.

நிழலையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், பொருளை அடையாளம் காண்பதில் பாதி வேலை நிழல்தான் செய்கிறது. சிந்தெடிக் அபர்ச்சரில் 30 மீட்டர் பாதையிலிருந்து பார்ப்பதால் நிழலும் அதற்கேற்ப நகர்கிறது, பொருளைக் குறிவைத்துக் கூர்மையாக்கும்போது நிழலின் நுனி கலங்கிவிடும். பொருளின் தூரத்திலேயே குவியத்தை நிறுத்தி வைத்து நிழலைத் தனியாக உருவாக்கும் முறை இருக்கிறது. உயரம் அளக்க நிழலை நம்புகிறீர்கள் என்றால் அந்தப் படத்தில்தான் அளக்க வேண்டும்.

ஊர்திகளின் முன்னால் இருக்கும் சோனார் பற்றியும் ஒரு சொல், ஏனென்றால் அங்கே இதே பிரச்சினை வேறு முகத்தில் வருகிறது. சுழன்று பார்க்கும் ஒற்றைக் கற்றைச் சோனார் 50 மீட்டர் தூரத்துக்கு 400 படிகளில் ஒரு சுற்று முடிக்க 27 விநாடியாவது எடுக்கும். அதற்குள் ஊர்தி 10 டிகிரி திரும்பியிருந்தால் சுவரின் தொடக்கமும் முடிவும் சேராது. ஒவ்வொரு படியையும் அந்தந்தக் கணத்தின் திசையோடு வைத்து வரைய வேண்டும், சுற்று முடிந்த பிறகு ஒரே திசையை எடுத்து வரையக் கூடாது. பல கற்றைச் சோனாரில் ஒரு பிங்கில் முழுச் சட்டமும், அதாவது முழுப் படமும், கிடைப்பதால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே அசைவு உங்கள் நண்பன்கூட. ஊர்தி அசையாமல் நின்றால் அந்தக் குருணை ஒவ்வொரு சட்டத்திலும் அப்படியே வரும், நூறு சட்டத்தைச் சேர்த்தாலும் போகாது. ஊர்தி கொஞ்சம் நகர்ந்து குருணை மாறினால், ஒன்பது சட்டங்களைச் சரியாகப் பொருத்திச் சராசரி எடுத்தால் அது மூன்றில் ஒரு பங்காகும். பொருத்தம் மட்டும் பிக்சலுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குருணையோடு பொருளும் கரைந்துபோகும்.

பிரகாசம், மாறுபாடு, வண்ணம் இவற்றையெல்லாம் அசைவுத் திருத்தத்துக்குப் பிறகு தொடுங்கள், மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் செய்யுங்கள். படத்தைக் கூர்மையாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். கண்ணுக்கு இதமான படம் வேண்டுமானால் சரி. அதில் அளவெடுத்து அறிக்கை எழுதப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், அது சேர்க்கும் விளிம்பு கடலடியிலிருந்து வந்தது அல்ல.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அடுத்த தடவை கடலுக்குப் போகும்போது அரை நாளை ஒதுக்குவேன். தெளிவாகத் தெரியும் ஒரு பொருளைத் தேர்ந்து, அதன் பக்கமாக ஒரே தடத்தில் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு ஓட்டம், பிறகு ஒரே திசையில் வேகத்தை மட்டும் மாற்றி இரண்டு ஓட்டம். பொருள் ஒரே இடத்தில் விழாவிட்டால் வித்தியாசத்தைப் பாருங்கள்: வேகம் கூடும்போது அதே விகிதத்தில் வித்தியாசம் கூடினால் அது நேரப் பிழை, வேகம் எதுவானாலும் மாறாவிட்டால் கேபிள் நீளத்திலோ கருவிகளுக்கு இடையிலான தூரத்திலோ உள்ள பிழை. வேகம் மாறினால் கேபிள் மேலே எழுந்து டோஃபிஷ் பின்தங்கும் தூரமும் மாறும், அதனால் டோஃபிஷின் ஆழத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிறகு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அந்த நெளிந்த குழாயை எடுத்து, யா பதிவை 0.05 விநாடிப் படிகளாக நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் நேராகிறதோ அந்த எண்ணைக் குறித்து, இரண்டு மூன்று தடங்களில் அதே எண் வருகிறதா பாருங்கள். அதே எண் வந்தால் பழைய தரவு முழுவதையும் அந்த ஒரு எண்ணால் திருத்திவிடலாம். தடத்துக்குத் தடம் வேறு வேறு எண் வந்தால் கணினியில் நேரம் பதிவதுதான் தாவுகிறது, புதிதாக ஓட்டுவதற்கு முன் அந்த பிபிஎஸ் கம்பியை இழுத்துவிடுங்கள்.